இருபத்தொன்பதாவது

தாராவி பதின்மூன்றாம் காம்பவுண்டில்
வயர் உரிக்கிற வேலை எனக்கு.
பிளேடை லேசாகச் சாய்த்து இழுத்தால்
கறுப்புத் தோல் கழன்று
உள்ளே செம்பு சிரிக்கும்.
பதினோரு வருடமாகப் பார்க்கிறேன்.
இந்த ஜூனில்தான்
அதன் உள்வீட்டைக் காட்டினார்கள்.

முப்பத்தாறு வயதில் பத்தாம் வகுப்பு.
சயான் நைட் ஸ்கூலில் கடைசி பெஞ்ச்.
பக்கத்தில் உட்காரும் ருக்சாருக்குப் பதினேழு.
அவளிடம் காம்பஸ் இருக்கிறது,
என்னிடம் குங்குமச் சிமிழ் மூடி, வளையல்,
டம்ளர் வாய், சோற்றுத் தட்டு.
செம்பின் நான்கு கூடுகளையும்
இவற்றைக் கவிழ்த்துத்தான் வரைந்தேன்.

முதல் கூட்டில் இரண்டு எலக்ட்ரான்.
அடுத்ததில் எட்டு.
மூன்றாவதில் பதினெட்டு, அதற்குமேல் இடமில்லை.
மிச்சம் ஒன்றே ஒன்று
தட்டு போட்ட வட்டத்தில் தனியாக,
குர்லாவில் ஏறி உள்ளே போக முடியாமல்
கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவனைப் போல.

நடுவே அணுக்கரு.
அங்கே இருபத்தொன்பது புரோட்டான்,
எல்லாம் ஒரே மின்சுமை, ஒன்றுக்கொன்று ஆகாது.
ஆகாததுகளை ஒரே அறையில் வைத்திருக்க
நியூட்ரான் வேண்டியிருக்கிறது.
எங்கள் வீட்டில் அது என் கொழுந்தன் இசக்கிமுத்து.
அந்தப் பக்கமும் பேசமாட்டான், இந்தப் பக்கமும் பேசமாட்டான்.
அவன் நாங்குநேரிக்குப் போன பத்து நாளில்
இரண்டு பீங்கான் தட்டு உடைந்தது.

நியூட்ரான் முப்பத்துநாலு இருந்தாலும் செம்பு,
முப்பத்தாறு இருந்தாலும் செம்பு.
புரோட்டான் ஒன்று கூடிவிட்டால் மட்டும்
அது துத்தநாகம்.
ஒரே ஒன்று!
சேட் கிலோவுக்குப் பாதி விலைகூடத் தரமாட்டார்.

பிறகு வந்தது அந்தப் பக்கம்.
சிவாஜி பார்க் பிட்ச் நடுவில் ஒரு மிளகை வை,
பவுண்டரிக் கயிறு வரை நட, என்றது.
மிளகுதான் அணுக்கரு.
கயிற்றருகே அந்தக் கடைசி எலக்ட்ரான்.
மற்ற இருபத்தெட்டும் இடையில் எங்கோ,
அள்ளிப் போட்டாலும் தராசு முள் அசையாது.
மீதி எல்லாம் வெற்றிடம்.

புத்தகத்தை மூடிவிட்டேன்.
பத்துக்குப் பத்து அறை, ஆறு பேர்,
ஒருவர் புரண்டு படுக்க
ஐந்து பேரைக் கேட்க வேண்டும்.
இந்தச் சுவரிலும், தண்ணீர் டிரம்மிலும்,
என் முழங்காலிலும்கூட
இடம் காலியாகக் கிடக்கிறதாம்.
யாரிடம் பகடி வாங்கிப் பூட்டி வைத்திருக்கிறார்கள்?

அப்படியென்றால் கை ஏன் சுவருக்குள் போகவில்லை
என்று ருக்சாரைக் கேட்டேன்.
இந்த எலக்ட்ரான் அந்த எலக்ட்ரானைத் தள்ளிவிடுமாம்.
"நீங்க சுவரைத் தொட்டதே இல்ல தீதி."
வரைந்த வட்டமும் சும்மாவாம்.
எலக்ட்ரானுக்குத் தண்டவாளம் கிடையாதாம்,
இங்கே இருக்கலாம் அங்கே இருக்கலாம் என்று
ஒரு மூட்டமாம்,
அதை மேல் வகுப்பில் சொல்வார்களாம்.
வளையலை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டேன்.

இன்று வயர் உரிக்கையில்
கத்தரித்த முனையை வெயிலில் பிடித்துப் பார்த்தேன்.
அந்தத் தொங்குகிறவனால்தான் கரண்ட்.
பவர் ஹவுஸிலிருந்து எங்கள் பல்பு வரை
அவன் ஓடி வருகிறான் என்றிருந்தேன்.
இல்லை.
நொடிக்கு ஐம்பது தடவை முன்னே பின்னே ஆடுகிறான்,
நின்ற இடத்திலேயே.
தள்ளு மட்டும்தான் வந்து சேர்கிறது,
தாதரில் உள்ளே யாரோ நெருக்க
வாசலில் என் செருப்பு கழல்வது மாதிரி.

பரீட்சை மார்ச்சில்.
செம்பு கேட்கமாட்டார்கள்,
சோடியம்தான் கேட்பார்கள் என்கிறாள் ருக்சார்.
வரைந்து பார்த்தேன்.
இரண்டு, எட்டு, ஒன்று.
இதிலும் ஒருவன் வாசலில்.

தட்டு தேவைப்படவில்லை.